இது யார் மரம் என்று கேட்ட டீச்சர்

எனக்குக் கோபம் அதிகம் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். டிரில் மாஸ்டருக்குக் கோபம் இல்லாவிட்டால் மைதானத்தில் ஒரு பிள்ளை வரிசையில் நிற்காது. ஆனால் இங்கே எழுதப்போவது அந்தக் கோபத்தை இல்லை. அது விசில் ஊதினால் தீர்ந்துவிடும், இது தீரவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் இன்னும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன். வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற பக்கம் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன தலைமுறை வரைக்கும் அது கிராமம். இப்போது இரண்டு ஏடிஎம், ஒரு கல்யாண மண்டபம், மருந்துக்கடை வரிசை எல்லாம் வந்து தன்னை டவுன் என்று சொல்லிக்கொள்கிறது.

சகாயராணி டீச்சர் எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவர். ஏம்பலத்துக்காரர். அப்பா மரியதாஸ் கரும்பு வெட்டப் போனவர், அம்மா வேலம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது இவர்தான். அமைதியானவர், பொறுமையானவர் என்றெல்லாம் எழுதினால் பொய். வாயைத் திறந்தால் சரவெடி. ஸ்டாஃப் ரூமில் ஃபேன் சுவிட்சை அணைக்காமல் போனால்கூடத் திட்டு விழும். என்னையே திட்டியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பில் நல்ல குடிமகனின் கடமைகள் பாடம். பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பொதுச் சொத்தைப் பாதுகாக்க வேண்டும், இயற்கையைப் பேண வேண்டும், எல்லாம் மணி மணியாக வந்தது. ஜன்னலுக்கு வெளியே ரோட்டோர வேப்ப மரத்தின் அடியில் யாரோ கடைக் குப்பையைக் கூட்டி நெருப்பு வைத்திருந்தார்கள். புகை வகுப்புக்குள்ளேயே வந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே ஒப்பித்தார்கள்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். "அந்த மரம் யாருது?"

"கவர்மெண்ட்டுது டீச்சர்."

"கவர்மெண்ட்டுன்னா யாரு?"

ஒருவன் எழுந்து, "ஆபீஸ்ல இருக்கறவங்க டீச்சர்" என்றான்.

"நீ சோப்பு வாங்கறியே, அதுல வரி கட்டறியா இல்லியா? உங்கம்மா ஓட்டு போடறாங்களா இல்லியா? அப்ப நீதாண்டா கவர்மெண்ட்டு. உன் மரத்துக்கு எவனோ நெருப்பு வெக்கறான், நீ இங்க ஒக்காந்துகினு கடமைய ஒப்பிச்சிட்டு இருக்க. எழுந்திரிங்க எல்லாரும்."

மைதானத்துத் தொட்டியிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் போனது. என் வாலிபால் பீரியடும் அதோடு போனது. அணைத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். ஒப்பிக்கும்போது அந்த முகங்களில் அப்படி ஒரு உயிர் இருந்ததே இல்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டியது போக மிச்சமிருந்த மரங்களை டீச்சர் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். குழுவுக்கு ஒரு மரம். போய்ப் பார், என்ன குறை என்று வந்து சொல், அதுதான் வீட்டுப்பாடம். பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டால் வயிறு எரியும். புங்கமரத்தைச் சுற்றி அடிமரம் வரைக்கும் டைல்ஸ் பதித்துச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் வேருக்கு இறங்காது. பூவரசின் தோலை உரித்து யாரோ கம்பி கட்டியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கதை இன்னும் மோசம். அங்கே பெரிய செலவில் தகரக் கூரை போட்டு ஒரு நிழற்குடை கட்டியிருக்கிறார்கள், மத்தியானத்தில் அதன் கீழ் உட்கார்ந்தால் தோசையாகிவிடுவோம். அதனால் ஊரே அந்த மரத்தின் கீழ்தான் நிற்கும். நின்றுகொண்டு அதன் மேலேயே ஆணியும் அடிக்கும். மூலம் பவுத்திரம் வைத்தியர் ஆணி, டியூஷன் சென்டர் ஆணி, உடனடிக் கடன் ஆணி. எல்லாவற்றுக்கும் மேலே, நல்ல உயரத்தில், "பசுமை நகர்" மனைப்பிரிவின் தகர போர்டு. கரும்புக் கொல்லையை மண்ணடித்து மேடாக்கி, வரப்பில் நின்ற மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்துப் போட்ட பிளாட்டுக்குப் பேர் பசுமை நகர். அந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

பசுமை நகரின் சொந்தக்காரர் கலைவேந்தன். ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். அப்பா நாகராஜன் நெல்லும் கரும்பும் வைத்தவர், பிள்ளை அதை பிளாட் போட்டு விற்றவர். வெள்ளைச் சட்டை, எப்போதும் கூட நாலு பேர்.

டீச்சர் முறைப்படிதான் போனார். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மனு கொடுத்தார். அங்கே இருந்த அதிகாரி டீ வரவழைத்துக் கொடுத்து, "நல்ல காரியம் டீச்சர், பசங்கள வெச்சே எடுத்துடுங்க, மரத்துல ஆணி அடிக்கறதே தப்புதான" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று இவர் கேட்டார். "எழுத்தெல்லாம் எதுக்கு டீச்சர், நான் சொல்றேன் இல்ல" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்த டீயை நானும்தான் குடித்தேன். அந்த ஆள் பிறகு என்ன சொன்னார் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் வேலை நடந்தது. குறடு, சுத்தியல், கடப்பாரை எல்லாம் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். டைல்ஸைப் பெயர்த்துத் தண்ணீர் இறங்க இடம் விட்டோம். எடுத்த போர்டுகளைத் தூக்கி எறியக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். அடுத்தவன் சொத்து, மரியாதையாகச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டும். பசுமை நகர் போர்டையும் அப்படித்தான் சாய்த்து வைத்தோம். கலைவேந்தன் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். என்ன சொல்ல முடியும்? ஆணி அடித்ததே சட்டப்படி குற்றம்.

அந்தச் சமயத்தில்தான் நாகராஜன் இறந்தார். எதனால் இறந்தார் என்று ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தெரியாதவர் கிடையாது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் சாராயக்கடையில் காலையில் முதல் ஆளாகவும் ராத்திரியில் கடைசி ஆளாகவும் இருந்தவர் அவர். செத்த மறுநாளே ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர். பெரிதாக நாகராஜன் படம், கீழே கைகூப்பிய கலைவேந்தன், அதற்கும் கீழே வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைகள். ஓரத்தில் பசுமை நகர் என்ற பெயரும் போன் நம்பரும். அப்பன் செத்த பேனரில் மனை விற்க நம்பர் போட்டவனை என்னவென்று சொல்வது? அதில் ஒன்றைத் தூங்குமூஞ்சி மரத்தில் நாலு பக்கமும் புது ஆணி அடித்து மாட்டினார்கள். பிள்ளைகள் ஆணியை எடுத்த அதே இடத்தில்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர், குப்பை அள்ள டிராக்டர் கேட்டு ஆபீசுக்குப் போயிருந்தார். நான் புங்கமரத்துப் பக்கம் கடப்பாரையோடு நின்ற குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குமூஞ்சி மரம் சுகன்யாவின் குழுவுக்கு. படிப்பில் சுமார், பொறுப்பில் பெரிய மனுஷி. சாவு பேனரைக் கீழே சாய்த்து வைத்தால் மரியாதை இல்லை என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. ஆணியை எடுத்து, பேனரைத் துடைத்து, கயிறு வாங்கிவந்து, எதிரே நேராக நின்ற இரண்டு மூங்கிலில் விறைப்பாகக் கட்டியிருக்கிறாள். கூட வந்த பிள்ளை ஒன்று பூக்கடையில் கெஞ்சி ஒரு முழம் பூ வாங்கிவந்து படத்துக்குச் சாத்தியிருக்கிறது. எல்லோரும் ஒரு நிமிஷம் கைகூப்பி நின்றிருக்கிறார்கள்.

அந்த மூங்கில் சாராயக்கடைப் பந்தலுடையது.

நான் வந்து பார்த்தபோது கடை வாசலில் நாகராஜன் மாலையும் சிரிப்புமாக வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏண்டி, ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று கத்தினேன்.

சுகன்யா பயப்படாமல் பதில் சொன்னாள். "அங்கதான் சார் நெழல் இருந்துது, படம் சாயம் போவாது. அவருக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் அங்கதான சார் வருவாங்க?"

அவிழ்த்துச் சுருட்டுவதற்குள் பத்துப் பேர் போனில் படம் எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் சுற்றி அது கலைவேந்தன் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை எச்.எம். முத்துசாமி அறையில் கூட்டம். கலைவேந்தன் நாற்காலியில், அவர் ஆட்கள் சுவரோரம், எச்.எம். கையைப் பிசைந்துகொண்டு. டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். "பேனர் விஷயத்துல பிள்ளைங்க தெரியாம செஞ்சிடுச்சிங்க. அது தப்புதான். நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். உங்கம்மாகிட்டயும் வந்து கேக்கறேன்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். கலைவேந்தனுக்கு அது போதவில்லை. அப்பன் பேனரை வைத்துப் பசுமை நகர் போர்டையும் திரும்ப ஏற்றிவிட வழி கிடைத்துவிட்டது, விடுவாரா? கழற்றிய போர்டு அத்தனையும், அவருடையது மட்டுமில்லாமல் ஊரில் எல்லோருடையதும், அதே மரத்தில் திரும்ப மாட்ட வேண்டும். கழற்றிய பிள்ளைகளே தங்கள் கையால் ஆணி அடிக்க வேண்டும். ஊர் பார்க்க, வெள்ளிக்கிழமை காலையில்.

எச்.எம். உடனே கொம்யூன் ஆபீசுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த அதிகாரியின் குரல் கேட்டது. அப்படி எந்த அனுமதியும் தரவில்லை, டீச்சரை எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை என்றது அந்தக் குரல். பசங்களை வைத்தே எடுத்துவிடுங்கள் என்று சொன்ன அதே வாய். நான் எழுந்துவிட்டேன், டீச்சர்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"பசங்க ஆணி அடிக்கலன்னா டீச்சர் டிரான்ஸ்ஃபர்ல காரைக்கால் போவணும்" என்றார் கலைவேந்தன். "நான் பேசிட்டேன். ஆர்டர் ரெடியா இருக்குது. மறந்துட்டியா, உங்கப்பன் எங்க கொல்லையில கரும்பு வெட்டினவன்."

"ஆமா, வெட்டினாரு" என்றார் டீச்சர். "அதனாலதான் வெயில்னா இன்னான்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

வெளியே வந்ததும் எச்.எம். கெஞ்சினார். "ஒரே ஒரு ஆணி அடிச்சிட்டுப் போகட்டுமே டீச்சர். பேருக்கு. வேலம்மாள் அம்மா படுக்கையில இருக்காங்க, நீங்க அவ்ளோ தூரம் காரைக்கால் போனா யாரு பாப்பா?" அவர் சொன்னது நிஜம். வேலம்மாளுக்குக் கால் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் டீச்சர் பஸ் ஏறுவார். அதெல்லாம் தெரிந்துதான் கலைவேந்தன் காரைக்காலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் டீச்சரோடு நானும் நாகராஜன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஆதிலட்சுமி கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தரையில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி சொன்னார். பிள்ளைகள் பூ வாங்கிச் சாத்தியதையும் கும்பிட்டதையும், வெள்ளிக்கிழமை அவர்களை ஆணி அடிக்கச் சொல்லியிருப்பதையும் சொன்னார். அந்த அம்மா சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை. பஸ் ஸ்டாப்பில் திருவிழாக் கூட்டம். பெற்றோர்களை வரவழைத்திருந்தார்கள். பாதிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் கலைவேந்தனிடம் வேலை செய்கிறவர்கள், தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். சுவரோரம் போர்டுகள். அவற்றின் மேல் சுருட்டி வைத்த அஞ்சலி பேனர். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தச் சொல்லி எச்.எம். என்னைப் பார்த்தார். நான் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஊதத் தெரிந்தால் ஊதிக்கொள்ளட்டும்.

கலைவேந்தனின் ஆள் சுத்தியலையும் ஆணியையும் சுகன்யாவிடம் நீட்டினான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா மணிவண்ணன், பசுமை நகர் லாரி ஓட்டுகிறவர், "வாங்குடி, ஒரு அடி அடிச்சிட்டு வந்துடு" என்று பல்லைக் கடித்தார். அந்தக் குரலில் இருந்தது முழுக்கப் பயம்தான். சுகன்யா அழ ஆரம்பித்தாள். கை மட்டும் முன்னால் வரவில்லை.

டீச்சர் போய் அவளுக்கும் மரத்துக்கும் நடுவே நின்றார்.

"என் பிள்ளைங்க அடிக்காது. அடிக்கறது தப்புன்னு சொல்லிக் குடுத்தது நான். அதே கையால அடிக்க வெச்சிட்டு நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு இதுங்களுக்குப் பாடம் எடுப்பேன்? ஆர்டர குடுங்க, நான் காரைக்கால் போறேன்."

"அப்ப நீ அடி" என்றார் கலைவேந்தன்.

"உங்க அப்பா படம். நீங்களே அடிங்க. ஊரு பாக்கட்டும்."

கலைவேந்தன் சுத்தியலைப் பிடுங்கினார். ஒரு கையில் பேனரும் ஆணியும், மறு கையில் சுத்தியல். வாழ்க்கையில் அவர் ஆணி அடித்ததே இல்லை போலிருக்கிறது, எல்லாம் கூலி ஆள் செய்தது. முதல் அடி வழுக்கி விரலில் பட்டது. இரண்டாவது அடியில் ஆணி வளைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் கூட்டம் விலகியது. ஆதிலட்சுமி வந்துகொண்டிருந்தார். காரியம் முடியாத வீட்டுப் பெண், பதினாறு நாளைக்கு வாசல்படி தாண்டக் கூடாதவர், தலை வாராமல், கசங்கிய புடவையோடு பட்டப்பகலில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தார்.

"போதும்டா" என்றார். கூவவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "உங்கப்பன் உசுரோட இருக்கசொல்ல, அந்தக் கட வாசல்ல வுழுந்து கெடக்கறாருன்னு எத்தினி வாட்டி ஆளு வந்து சொல்லியிருப்பான். ஒரு நாளாவது நீ போயித் தூக்கியாந்தியா? நான்தான போனேன். அப்பல்லாம் வராத ரோஷம் இப்ப படத்துக்கு வருதா ஒனக்கு? இந்தப் புள்ளைங்களாவது பூவப் போட்டுக் கும்புட்டுதுங்க."

அந்த அம்மா பேனரை மகன் கையிலிருந்து உருவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அடுத்த பஸ் வந்தது. கூட்டம் அதில் ஏறிக் கரைந்தது.

கதையென்றால் இங்கே நிறுத்தியிருப்பேன். நீதி ஜெயித்தது என்று நீங்களும் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். திங்கட்கிழமை ஆர்டர் வந்துவிட்டது. நிர்வாகக் காரணங்களுக்காகக் காரைக்காலுக்கு. என்ன நிர்வாகம், என்ன காரணம் என்று கேட்க நாதியில்லை. ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் பார்க்கலாம் சார் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டீச்சர் காரைக்காலில் மாடிப்படி இல்லாத வாடகை வீடு தேடி அலைந்து, வேலம்மாளை வேன் வைத்து அழைத்துப் போனார். எச்.எம். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், யாராவது தவறாக எடுத்துக்கொள்வார்களாம்.

ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினம் வந்தது. மைதானத்து மூலையில், போன வருஷம் நட்டுக் காய்ந்துபோன கன்றைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் புதுக் கன்று நட்டார்கள். சிறப்பு விருந்தினர் கலைவேந்தன். மரம் நமக்குத் தாய் என்று பேசினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அந்த வாரமே போர்டுகள் எல்லாம் மரங்களில் திரும்பி வந்துவிட்டன. ராத்திரியோடு ராத்திரியாகக் கூலி ஆள் வைத்து அடித்திருக்கிறார்கள். இந்த முறை பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். பசுமை நகர் போர்டு முன்பைவிடப் பெரிசு.

மறுநாள் சுகன்யாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். காரைக்காலுக்குப் போன் போட்டுப் பேசினார்களாம்.

"டீச்சர் இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"அந்த மரம் யாருதுன்னு கேட்டாங்க சார்."

"நீ இன்னா சொன்ன?"

"எங்களுதுன்னு சொன்னோம். அப்ப எங்கிட்ட எதுக்குடி போன் பண்ற, போயி ஏணிய எடுன்னு திட்டிட்டு வெச்சிட்டாங்க சார்."

வாலிபால் கம்பத்தில் வலை கட்ட வேண்டும் என்று சொல்லி எச்.எம்.மிடம் ஏணி கேட்டேன். அவ்வளவு உயர ஏணி எதற்கு என்று கேட்டார். கம்பம் உயரம் சார் என்றேன். அவர் ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, சனிக்கிழமை நான் ஊரில் இருக்க மாட்டேன் என்றார்.